பருத்திக்குளத்துக் கோச்சம்மா

பால்கார இசக்கியின் எருமை பால் வற்றிய மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, தொட்டித் தண்ணீரிலிருந்து முகத்தை எடுத்து, மூக்கில் ஒட்டியிருந்த தவிட்டை நாக்கால் துடைத்துக்கொண்டு, "இனி பால் கறக்கிற வேலைக்கு நான் ஒத்துவர மாட்டேன், கோச்சிங் குடுக்கலாம்னு இருக்கேன்" என்று சொன்னபோது பருத்திக்குளத்தில் யாரும் மயங்கி விழவில்லை, யாரும் கற்பூரம் கொளுத்தவில்லை. இசக்கி மட்டும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கோச்சிங் கொடுக்கிற மாட்டுக்குப் புண்ணாக்கு கூடுதலாக வேண்டியிருக்குமா, குறைச்சலாகப் போதுமா என்று கேட்டான். அதே அளவு போதும் என்று எருமை சொன்னது. அவன் நிம்மதியாகப் போய்ப் பல் விளக்கினான்.

கோச்சிங் என்றதும் ஊர் நினைத்தது நீட் தேர்வைத்தான். மறுநாள் காலையில் பதினோரு வீட்டுக்காரர்கள் பிள்ளைகளையும் தலையணை மொத்தப் புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு இசக்கி வீட்டுத் தொழுவத்தில் வரிசை போட்டு நின்றார்கள். எருமை ஒவ்வொருவரிடமும் பொறுமையாகத் தலையை ஆட்டி, "அது எனக்குத் தெரியாதுங்க. ஒருத்தர் ஒண்ணைப் புதுசாச் செய்யணும்னு நெனச்சு, செய்ய முடியாம முட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்கள்லா, அவங்க பக்கத்துல நிக்கிறதுதான் என் வேலை" என்றது. நின்று என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "நிப்பேன், கேப்பேன்" என்றது. பிளக்ஸ் கடை அந்தோணிராஜ் கூகிளில் தேடிப் பார்த்து, இதற்குக் கிரியேட்டிவிட்டி கோச் என்று பேர், சென்னையில் எல்லாம் மனிதர்களே இதைச் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னான். ஒரு சின்ன போர்டு அடித்து அதன் கழுத்தில் மாட்டியும் விட்டான். வாரக் கடைசிக்குள் அதற்குக் கோச்சம்மா என்று பேர் நிலைத்துவிட்டது.

ஒரேயொரு குழப்பம் வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், எருமை தன் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும், பாஸ்புக்கையும் பீரோ சாவியையும் மகனிடம் கொடுத்துவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தெற்கே தலைவைத்துக் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார். எருமை தனியாகத்தான் வந்திருக்கிறது, முதுகில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, பாசக்கயிறு எதுவும் கண்ணில் படவில்லை என்று மருமகள் இரண்டு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்து உறுதி சொன்ன பிறகுதான் எழுந்து காப்பி கேட்டார். அவர் முப்பது வருசமாக எழுதாமல் வைத்திருந்த கணக்குப் பாட நாடகத்துக்காகக் கோச்சம்மா வந்திருந்தது.

பருத்திக்குளத்துக்கு அப்படி ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பதை ஊர் உள்ளூர ஒத்துக்கொண்டது. வீடு கட்டுகிறவர் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு நாலு தெரு தள்ளிப் போய் ஒரு வீட்டைக் காட்டி "இதே மாதிரி" என்பார். அந்த வீடு அதற்கு முந்தின தெரு வீட்டைப் பார்த்துக் கட்டியது, அது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கட்டியது. சாம்பார் இதே மாதிரி, ஸ்கூல் ஆண்டு விழா நடனம் இதே மாதிரி, ஜவுளிக்கடை வாசலில் நிற்கிற பொம்மையின் சிரிப்புகூட எதிர்க்கடைப் பொம்மை மாதிரி. ஒருமுறை காதுகுத்து பேனரில் பேரை மாற்ற அந்தோணிராஜ் மறந்துபோனான்; அடித்த பேனரை என்ன செய்வது என்று வேறொரு வீட்டுக் குழந்தையின் பேரிலேயே காது குத்தி முடித்தார்கள். அந்தக் குழந்தை இன்றைக்கும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறது.

இந்த இதே மாதிரிக்கு ஊரிலேயே பெரிய கெட்டிக்காரி கனி லேடீஸ் டெய்லர்ஸ் சண்முகக்கனி. வேன் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் செத்துப்போன மறுவருசம் வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டவள், ஆரி வேலை கற்றுக்கொண்டு, கல்யாணப் பெண்களின் ரவிக்கையில் மயிலும் தாமரையும் யானையும் பல்லக்கும் போட்டுத் தள்ளிப் பதினோரு வருசம் ஆகிவிட்டது. வருகிறவர்கள் போனை நீட்டுவார்கள். அவள் கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி, படத்தைப் பெரிதாக்கி, ஒரு பார்வை பார்ப்பாள். பத்தாம் நாள் அந்த மயில், அந்தக் கழுத்து வளைவு, அந்த மயிலின் ஒரு கண் மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தால் அந்தக் கோணலோடு, ரவிக்கையில் வந்து உட்கார்ந்திருக்கும். கனி தைத்தால் ஒரு தையல் பிசகாது என்று பேர். அந்தப் பேரில் அவளுக்கு நல்ல கர்வமும் இருந்தது.

அந்தக் கர்வத்தில்தான் மகள் கல்லைப் போட்டாள். சுபாஷினிக்கு வைகாசி பத்தொன்பதாம் தேதி கல்யாணம் என்று நிச்சயம் ஆனதும், கனி போனில் நூற்றிருபது படம் சேர்த்து வைத்துக்கொண்டு, "எது வேணும், சொல்லுட்டி" என்று நீட்டினாள். சுபாஷினி போனை வாங்கித் திருப்பி மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"இதுல எதுவும் வேண்டாம்மா. ஊருல உள்ளவ எல்லாம் போட்டது. ஒனக்கு என்ன தோணுதோ அதைப் போடு."

"எனக்கு என்னட்டி தோணும்?"

"எதாவது தோணும்லா. யோசி."

கனி யோசித்தாள். அரக்குச் சிவப்புப் பட்டுத் துணியைச் சட்டத்தில் முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டி, வெள்ளைப் பென்சிலைக் கையில் எடுத்து, முதல் நாள் யோசித்தாள், இரண்டாம் நாள் யோசித்தாள், மூன்றாம் நாள் மயில் வந்தது, அது பேங்க் மேனேஜர் மகள் போட்ட மயில் என்று தெரிந்து அழித்தாள், தாமரை வந்தது, அது மளிகைக்கடைக்காரர் வீட்டுத் தாமரை, யானை வந்தது, அந்த யானையை அவளே ஒன்பது முதுகில் தைத்திருக்கிறாள். தனக்கென்று எதுவுமே தோன்றவில்லை என்பதை நாற்பத்தெட்டு வயதில் தெரிந்துகொள்வது சின்ன விஷயமல்ல. அவளுக்குப் பயமாகவே இருந்தது.

அதோடு இன்னொன்றும் இருந்தது, அதுதான் உள்ளே அறுத்தது. நிச்சயம் முடிந்த மறுநாள் அண்ணன் கொம்பையா வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மாப்ள வீட்ல கொஞ்சம் முறை பாப்பாகளாம். மேடைல நானும் ஒம் மதினி லீலாவும் நின்னுக்கிடுதோம். நீ கீழ மொத வரிசைல சேர் போட்டு உக்காரு. பேன் பக்கத்துல. நல்லாத் தெரியும்."

"சரிண்ணே" என்றாள் கனி.

சுபாஷினி சண்டை போட்டாள். அப்பா செத்ததற்கு அம்மா என்ன பாவம் செய்தாள், அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டாள். கனிதான் அவள் வாயைப் பொத்தினாள். பொத்திவிட்டு, மேடைக்கு நான் போகாவிட்டால் என் கை போகட்டும், அந்த ரவிக்கையாவது அவள் முதுகோடு நிற்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அதனால்தான் யார் வீட்டு மயிலையோ அங்கே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. சட்டத்தில் துணி வெறுமையாகவே கிடந்தது, கல்யாணத்துக்கு முப்பத்தெட்டு நாள்தான் இருந்தது.

அந்தோணிராஜ்தான் சொன்னான், கோச்சம்மாவைப் பாருங்கக்கா என்று. அவன் ஏற்கெனவே இரண்டு வாரம் போயிருந்தான். போன பிறகு ஒரு பூப்புனித நீராட்டு பேனரில், வழக்கமான நிலவே மலரே எல்லாம் இல்லாமல், "எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பிரியாணி பிடிக்கும், நீங்களும் வாருங்கள்" என்று எழுதிவிட்டான். சண்டை வரும் என்று ஊர் எதிர்பார்த்தது. ஆனால் அந்தப் பிள்ளை பேனர் முன்னால் நின்று தன் கையாலேயே போட்டோ எடுத்துக்கொண்டது, சாப்பாடும் நானூறு பேருக்குப் பற்றாமல் போனது.

முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் கோச்சம்மா வந்தது. கடை வாசல் அகலம் இரண்டரை அடி. ஆகவே தலையும் கழுத்தும் உள்ளே, மீதி உடம்பெல்லாம் தெருவில். கனி ஒரு வாளி கழனித்தண்ணி வைத்தாள். அது நாகரிகமாக இரண்டு வாய் குடித்துவிட்டுச் சட்டத்தைப் பார்த்தது.

"நீயே சொல்லு தாயி, என்ன போடட்டும்?" என்றாள் கனி.

"நான் சொன்னா அது எருமை டிசைனால்லா இருக்கும்?"

"பெறகு எதுக்கு ஒன்னய வரச் சொன்னேன்?"

"கேக்கதுக்கு. யாருக்குப் போடுதிய?"

"எம் மகளுக்கு."

"மக எப்படி இருப்பா?"

கனி போனை எடுத்தாள்.

"போனை வச்சிட்டுச் சொல்லுங்க."

கனி போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "தோள் பதினாலரை, நெஞ்சு முப்பத்திநாலு, கை ஒம்போது" என்றாள். கோச்சம்மா சிரிக்கவில்லை. காதை முன்னால் மடக்கி, மேலே சொல்லுங்க என்பதுபோல நின்றது. "வலத்தோள் எடத்தோளவிட ஒரு நூல் எறங்கி இருக்கும், எட்டு வருசமா அந்தப் பக்கந்தான் பை தூக்குதா. கோவம் வந்தா முதுகு வெறைச்சுப்போவும். சந்தோசமா இருந்தா அக்குள்ள ஒரு சுருக்கம் விழும், அளவு எடுக்கும்போது பாத்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போனவள், தான் இவ்வளவு சொல்வதைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு நிறுத்தினாள். அதற்குள் தெருவில் மினிபஸ் ஒன்று கோச்சம்மாவின் பின்பாதிக்குப் பின்னால் வந்து நின்று ஆரன் அடித்தது. இருபது நிமிஷம் முடியட்டும் என்று கோச்சம்மா வாலை ஆட்டியது.

அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு மினிபஸ் கனி கடை முன்னால் இருபது நிமிஷம் நின்றது. முதல் வாரம் டிரைவர் கத்தினார். இரண்டாவது வாரம் டிபன்பாக்ஸைத் திறந்தார். மூன்றாவது வாரம் பயணிகள் ஜன்னல் வழியாகக் கழுத்தை நீட்டிக் கேட்கத் தொடங்கி, ஒரு அம்மா "அன்னப்பறவை போடுங்களேன்" என்று யோசனை சொல்ல, கோச்சம்மா தலையை வெளியே எடுத்து, "அது ஒங்களுக்குத் தோணினது, ஒங்க ரவிக்கைல போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே நுழைத்துக்கொண்டது. மாதக் கடைசியில் பஸ் கம்பெனியே நேர அட்டவணையில் அந்த இருபது நிமிஷத்தைச் சேர்த்து அச்சடித்துவிட்டது.

கோச்சம்மா கொடுத்த முதல் வீட்டுப்பாடம் கனிக்குப் பெரிய அவமானமாக இருந்தது. "நாளைக்கு ஒரு கேவலமான பூ போட்டு வைங்க" என்றது. கேவலமாக என்றால்? "பாக்கிறவுக மூஞ்சியைச் சுளிக்கணும்." ஒரு தையல் பிசகாதவளுக்குக் கேவலமாகப் போட வரவில்லை. பழைய துணியில் மூன்று தரம் முயன்றாள், மூன்றும் நன்றாகவே இருந்தன. நாலாவதாகக் கோபத்தில் குத்தியது இதழ் ஏழும் ஏழு பக்கம் பார்க்கிற ஒரு பூவாக வந்தது, நடுவில் ஓட்டை. கோச்சம்மா அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டுப் பூ?" என்று கேட்டது. கனி யோசித்துப் பார்த்தாள். அது யார் வீட்டுப் பூவும் இல்லை.

இப்படிப் பதினாலு நாளில் பதினாலு கேவலம். பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. தினமும் இரண்டு மணிக்கு ஒருத்தி வந்து நிற்பாள், காட்ட ஏதாவது இருக்க வேண்டும் என்பதனாலேயே கை தானாக ஊசியைத் தேடியது. நன்றாயிருக்கிறது என்றும் சொல்லாமல் நன்றாயில்லை என்றும் சொல்லாமல் ஒரு ஜீவன் முழு முகத்தோடு தன்னைப் பார்ப்பது கனிக்குப் புதுசு. புருஷன்கூட அவளை அப்படி இருபது நிமிஷம் சேர்ந்தாற்போலப் பார்த்ததில்லை, பாவம், அவருக்கு டிரிப் இருக்கும்.

ஊரிலும் பலன் தெரிந்தது. தலைமையாசிரியர் நாடகத்தில் பூஜ்யம் அழுகிற காட்சி வரை எழுதிவிட்டார். கொத்தனார் ஒருவர் வட்டமாக ஒரு வீடு கட்டி, பீரோவை எங்கே வைப்பது என்று அந்த வீட்டுக்காரர்களைத் தவிக்க விட்டார். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது அது என்ன வடிவத்தில் விழ ஆசைப்படுகிறதோ அப்படியே விட்டுவிட, ஜனங்கள் தட்டில் விழுந்தது முயலா, அத்தையா என்று சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கோச்சம்மாவுக்கு நாள் பற்றவில்லை. டோக்கன் போட்டும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் பருத்திக்குளத்துக்காரர்கள் தங்கள் புத்தியைக் காட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரி பிடித்துச் சந்தைக்குப் போய், கோச்சம்மாவின் போட்டோவை வியாபாரியிடம் நீட்டி, "இதே மாதிரி" என்று கேட்டு, நாற்பத்திமூன்று எருமைகளை வாங்கி வந்துவிட்டார்கள்.

நாற்பத்திமூன்றும் அதே கொம்பு, அதே நெற்றிச் சுழி, அதே போர்டு. வாசலுக்கு வாசல் ஒரு கோச்சு நின்றது. தெருவெல்லாம் சாணி, குளத்தில் குளிக்க இடமில்லை, மினிபஸ் ஊருக்குள் வரவே இரண்டு மணி நேரம் ஆனது. ஆனால் அவற்றில் ஒன்றுகூடப் பேசவில்லை. பேசாவிட்டால் என்ன, ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. ஆளாளுக்குத் தினமும் இருபது நிமிஷம் தங்கள் எருமை முன்னால் உட்கார்ந்து, செய்ய நினைத்ததையும் செய்ய விடாமல் தடுப்பதையும் வாய்விட்டுச் சொன்னார்கள், எருமைகள் அசைபோட்டன, குறுக்கே பேசவில்லை, பக்கத்து வீட்டோடு ஒப்பிடவில்லை, அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. அதிலேயே பாதிப் பேருக்கு வேலை நடந்துவிட்டது. கோச்சம்மாவிடம் இதைச் சொன்னபோது அது வருத்தப்படவில்லை, "பாதி நடக்கும், மீதிக்கு எங்கிட்ட வருவாக" என்றது.

கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது, கோச்சம்மா வழக்கம்போலக் கேட்டது.

"இன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. அந்த மூதேவிக் காக்கா வந்து சரிகையைத் தூக்கிட்டுப் போச்சு."

"எத்தனை நாளாத் தூக்குது?"

"கடை போட்டதுலருந்து. நூலு, கல்லு, கம்பிச் சுருளு, ஒண்ணு விடாது. பதினோரு வருசமா வெரட்டுதேன்."

"கொண்டுபோயி என்ன செய்யுது?"

"நான் கண்டனா?"

"பதினோரு வருசமாப் பாக்கவே இல்லியா?" என்றது கோச்சம்மா. "போய்ப் பாத்துட்டு வாங்க. கடையை நான் பாத்துக்கிடுதேன்."

தபாலாபீஸ் பின்னால் பூவரச மரம், அதை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி. கனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினாள். மினிபஸ் மொத்தமும் இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தது. நாற்பதாவது படியில் காக்காய்கள் அவள் தலையில் கொத்தத் தொடங்கின. ஒரு கையால் தலையை மூடிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மரத்தின் உச்சியில் இருந்த கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

குடைக்கம்பி, சைக்கிள் ஸ்போக்ஸ், துடைப்பக் குச்சி, பல் விளக்குகிற பிரஷ் ஒன்று. அவற்றின் நடுவில் ஊடும் பாவுமாகப் பேங்க் மேனேஜர் மகளின் மயில் நீலம், மளிகைக்கடைத் தாமரையின் ரோஸ், ஒன்பது யானையின் சாம்பல் பட்டு, எந்தெந்த முகூர்த்தத்திலோ எந்தெந்தப் பெண்ணுக்கோ அவள் தைத்ததன் மிச்சமெல்லாம், வெட்டிப் போட்ட துணுக்கெல்லாம், அவள் திட்டிக்கொண்டே தொலைத்த கல்லெல்லாம் மின்னிக்கொண்டு கிடந்தன. யாரும் போனில் காட்டாமல் ஒரு காக்காய் அதைக் கட்டியிருந்தது. அதற்குள் நாலு சிவப்பு வாய்கள் வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தன. கனி ஏணியில் நின்றபடியே சிரித்தாள், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது, காக்காய் இன்னும் இரண்டு கொத்து கொத்தியது, அவள் அதைத் திட்டக்கூட இல்லை.

இறங்கி வந்து நேராகச் சட்டத்தின் முன் உட்கார்ந்தாள். பென்சிலைத் தொடவில்லை. கொக்கி ஊசி துணியில் இறங்கியது, ஏறியது, பதினோரு வருசத்து மிச்ச நூல் டப்பாவெல்லாம் திறந்து கிடந்தது, குச்சி மேல் குச்சியாக, கம்பி மேல் கம்பியாக, மகளின் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஒரு காக்காக் கூடு வளர்ந்தது, வலது பக்கம் ஒரு நூல் இறங்கி வளர்ந்தது, ஏனென்றால் அந்தத் தோள் அப்படி. கூட்டின் விளிம்பில் கறுப்புப் பட்டால் காக்காய் போட்டாள். கல்யாண ரவிக்கையில் கறுப்பு கூடாது என்று தெரியும்; காக்காய்க்கு வேறு நிறம் கிடையாது என்பதும் தெரியும். அதன் அலகைக் கம்பிச் சுருளை இறுக்கி இறுக்கி, துணியைவிட்டு அரை நெல் அளவு எழும்பி நிற்கும்படி தைத்தாள்.

"முடிக்கிற வரைக்கும் யாருக்கும் காட்டாதிய" என்றது கோச்சம்மா. "பாதியில காட்டினா ஆளுக்கொரு கை வைப்பாக."

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் முடிந்தது. கனி சட்டத்தைத் தூக்கிக் கோச்சம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நல்லாருக்கா?"

"நான் எருமை. எனக்குக் கறுப்புன்னாலே நல்லாத்தான் தெரியும். ஒங்களுக்கு எப்படி இருக்கு?"

கனி சட்டத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

"அப்ப நான் வாரேன்" என்று கோச்சம்மா தலையை வெளியே எடுத்தது. அதற்கு அடுத்த தெருவில் ஒரு போலீஸ் ஏட்டு காத்துக்கொண்டிருந்தார், அவருக்குப் புல்லாங்குழல்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சுபாஷினி ரவிக்கையைப் போட்டு, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நின்று முதுகைப் பார்த்தாள். முதுகு விறைத்தது.

"என்னம்மா இது?"

"காக்காக் கூடு."

"கல்யாணத்துக்கா?"

கனிக்கு விளக்கத் தெரியவில்லை. கோச்சம்மாவிடம் விளக்கம் சொல்லிப் பழகவில்லை, செய்து காட்டித்தான் பழக்கம். பெட்டியைத் திறந்து இன்னொரு ரவிக்கையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அதே அரக்குச் சிவப்பு, முன்பக்கம் அதே மாங்காய்க் கரை, முதுகில் மட்டும் இரண்டு மயில். ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது, அதனால் இரண்டும் தைத்து வைத்திருந்தாள். "எது வேணுமோ அதைப் போட்டுக்கோ. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்று பொய் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்தரை. கனி முதல் வரிசையில், பேன் பக்கத்தில், கையில் அட்சதையோடு உட்கார்ந்திருந்தாள். சுபாஷினி கூறைச்சேலை கட்டி, தலை குனிந்து, கொம்பையா மனைவி லீலா கையைப் பிடித்து மேடைக்கு வந்தாள். முன்பக்கம் தெரிந்தது, மாங்காய்க் கரை தெரிந்தது. முதுகைப் பூச்சடை மறைத்திருந்தது, சடையைச் சேலை மறைத்திருந்தது. சுபாஷினி கீழே பார்க்கவே இல்லை. மயிலாகத்தான் இருக்கும் என்று கனி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அவள் இன்னொரு வீட்டில் போய் வாழ வேண்டியவள், மயில்தான் சரி. சொல்லிவிட்டு அட்சதையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

கெட்டிமேளம் என்று ஐயர் கையைத் தூக்கினார். மேளம் வெடித்தது. மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டார், அடுத்த முடிச்சுக்கு அவர் அக்கா ஹேமா பின்னால் வந்து சடையைத் தூக்கினாள். தூக்கியவள் கை அப்படியே நின்றது. அவள் முகத்தைக் கனி பார்த்தாள். அந்த முகம் முதலில் சுளித்தது, பிறகு குனிந்து கிட்டத்தில் பார்த்தது, பிறகு வாய் தானாகத் திறந்தது.

"என்னம்மா, போடு" என்றார் ஐயர்.

"கயிறு மாட்டிக்கிட்டுதுங்க" என்றாள் ஹேமா. "காக்கா வாயில."

மண்டபம் ஒரு தரம் எழுந்து உட்கார்ந்தது. லீலா குனிந்து இழுத்தாள், சுருள் கம்பி இன்னும் இறுகியது. கொம்பையா கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டார். தாலிக்கயிற்றில் கத்தரிக்கோலா என்று இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஒரே குரலில் அவர்மேல் பாய்ந்தது. காக்காயை அறுக்கலாமா என்று யாரோ கேட்டார்கள், ரவிக்கை கிழிந்துவிடும் என்று யாரோ பதில் சொன்னார்கள். மேளத்தை நிறுத்தினால் அபசகுனம், ஆகவே அது நிற்காமல் வெடித்துக்கொண்டே இருந்தது, வீசிய அட்சதை தீர்ந்துபோய் ஜனங்கள் கீழே விழுந்ததைப் பொறுக்கி மறுபடி வீசினார்கள். மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

சுபாஷினி திரும்ப முடியாது. குனிந்த தலையோடு, முன்னால் இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எங்கம்மாவக் கூப்பிடுங்க. தச்சவங்களுக்குத்தான் எடுக்கத் தெரியும்."

கொம்பையா மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா ஐயரைப் பார்த்தார். ஐயர் வேர்த்திருந்தார். "வரச் சொல்லுங்கோ, நேரம் போறது" என்றார். ஹேமா மேடை விளிம்புக்கு வந்து கையை நீட்டினாள்.

"ஏறி வாங்கத்தை."

கனி ஏறினாள். மூன்று படிதான். மகளுக்குப் பின்னால் போய் நின்று, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, சடையை ஒரு கையில் ஏந்திக்கொண்டாள். கூடு இருந்தது, நாலு சிவப்பு வாய் இருந்தது, கறுப்புக் காக்காய் மஞ்சள் கயிற்றை இறுக்கக் கவ்விக்கொண்டு இருந்தது. மகளின் அக்குளோரம் துணியில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்திருந்தது. கம்பிச் சுருள் எந்தப் பக்கம் முறுக்கியது என்று முறுக்கியவளுக்குத் தெரியும். நகத்தால் அலகை இடதுபக்கம் கால் சுற்றுத் திருப்பினால் கயிறு தானாக வந்துவிடும், கண் இமைக்கிற நேர வேலை. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பிக் கண் பிதுங்கி, சீக்கிரம் தாயி என்பதுபோல அவளையே பார்த்தார். கனி அவசரப்படாமல், மகளின் பிடரியில் கை வைத்து, எல்லாரும் பார்க்க, நிதானமாக நின்றுகொண்டிருந்தாள்.